தேடினால் கிடைக்காமல் போவது ஏன்? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கூகுளில் செய்யும் தவறுகள்

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த புயலுக்குப் பெயர் தானே. அதைப் பற்றிப் படிக்க ‘தானே’ என்று மட்டும் தேடினால் மும்பைக்குப் பக்கத்து ஊர் வந்து நிற்கும். தமிழில் வாக்கியத்துக்கு வாக்கியம் வருகிற சொல் வேறு, கேட்கவே வேண்டாம். ‘தானே புயல் பண்ருட்டி முந்திரி’ என்று அடித்தால் கதை வேறு. தோப்புகள் சாய்ந்த செய்திகள்தான் முன்னால் வரும்.

நம்மில் பலர் தேடும் பெட்டியில் மனதில் ஓடுவதை அப்படியே எழுதிவிடுகிறோம். தேடுபொறிகள் இப்போது பொருளை ஓரளவு ஊகிக்கின்றன, உண்மைதான். ஆனால் தமிழில், அதுவும் உள்ளூர் விஷயங்களில், அந்த ஊகத்தை நம்பி உட்கார முடியாது. எனக்கு வேண்டியதை எழுதி வைத்தவர் யார், அவர் என்ன சொல்லில் எழுதியிருப்பார் என்று அரை நிமிடம் யோசித்துவிட்டு அடித்தால் பாதி வேலை முடிந்தது.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் நடந்த ஒன்றைத் தேடுகிறவர் ‘கடலூர் மாவட்டம்’ என்று அடிப்பது தவறு. அப்போது அப்படி ஒரு மாவட்டமே இல்லை. தென்னாற்காடு மாவட்டம் 1993-ல்தான் இரண்டாகப் பிரிந்தது. விழுப்புரம் தனியாகப் போனது. பிரிந்த பிறகும் சில ஆண்டுகள் கடலூர் பக்கத்துக்குத் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் என்றுதான் பெயர். அந்தக் காலத்து அரசாணையோ வேலை அறிவிப்போ வேண்டும் என்றால் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். இன்னும் பின்னால் போய்க் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தைத் தேடுகிறீர்களா? கடலூர் தேவனாம்பட்டினத்தை ஆங்கிலேயர் டெக்னாபட்டம் என்று எழுதினார்கள். 1690-ல் அவர்கள் வாங்கிய கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். கடலூர் என்ற சொல்லே இல்லாமல் கடலூரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய ஆவணங்கள் இருக்கலாம்.

புதுச்சேரியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி என்று மாறியது 2006-ல். அதற்கு முந்தைய ஆங்கில ஆவணங்களுக்குப் பாண்டிச்சேரி என்று தேட வேண்டும். தாத்தா பாட்டியின் பிறப்புப் பதிவைத் தேடும் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிரெஞ்சு எழுத்தர்கள் நம் பெயர்களைத் தங்கள் வழக்கப்படி எழுதினார்கள். முத்து என்பதில் வரும் உகரத்துக்கு ஆங்கிலேயர் யு மட்டும் போட்டால் பிரெஞ்சுக்காரர் ஓ, யு இரண்டும் சேர்த்துப் போடுவார். ராமசாமி போன்ற பெயர்களில் சாமிக்கு எஸ் இரண்டு முறை வரும். ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே திரும்பத் திரும்பத் தேடிவிட்டு ‘பதிவு இல்லை’ என்று விட்டுவிடக்கூடாது.

தமிழ் எழுத்துக்கூட்டலாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையேறிய புயலை ஒரு பத்திரிகை ஃபெஞ்சல் என்றது, இன்னொன்று ஃபெங்கல் என்றது, மற்றொன்று ஆய்தமே வேண்டாம் என்று பெஞ்சலாக்கியது. திருப்பாதிரிப்புலியூர் என்று முழுதாக எழுதுகிறவர்கள் உண்டு, ‘ப்’ விட்டு எழுதுகிறவர்கள் உண்டு, பேச்சுவழக்கில் திருப்பாப்புலியூர். வெள்ளிக் கடற்கரை என்று தேடுவதைவிட சில்வர் பீச் என்று தேடினால்தான் நிறைய வரும். ஒரு வடிவத்தில் வராவிட்டால் அடுத்த வடிவத்தையும் அடித்துப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அந்தச் சொற்கள் அப்படியே உள்ள பக்கங்கள் வரும் என்று பலருக்குத் தெரியும். ஆங்கிலத்துக்கு அது அருமையான வழி. தமிழில் காலை வாரிவிடும். "கடலூர் துறைமுகம்" என்று மேற்கோளில் அடைத்தால் ‘கடலூர் துறைமுகத்தில்’, ‘கடலூர்த் துறைமுகத்துக்கு’ என்று எழுதிய செய்திகள் தப்பிப் போக வாய்ப்புண்டு. வேற்றுமை உருபு ஏறினாலே நம் சொல்லின் உருவம் மாறிவிடுகிறதே. மேற்கோளை மாறாத பெயர்களுக்கும் அரசாணை எண்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாததை விலக்கக் கழித்தல் குறி இருக்கிறது. கூடலூரைத் தேடும்போது நீலகிரியும் தேனியும் கலந்து வந்தால், வேண்டாத மாவட்டத்தின் பெயருக்கு முன் கழித்தல் குறி போடலாம். குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் அது வேலை செய்யாது. ஒரே தளத்துக்குள் தேட, ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டியபடியே தள முகவரியை எழுத வேண்டும். இங்கேயும் இடைவெளி கூடாது. புதுச்சேரி அரசின் பக்கங்கள் மட்டும் போதும் என்றால் முகவரி பிஒய் டாட் ஜிஓவி டாட் இன். தமிழ்நாட்டுக்கு டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்.

இந்தப் பிரிப்பு மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு அதிகம் தேவைப்படும். எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் அரசாங்கமே வேறு. பாகூர்ப் பக்கம் நிலம் உள்ள கடலூர்க்காரர் தமிழ்நாட்டுப் பட்டா தளத்தில் எவ்வளவு நேரம் துழாவினாலும் அந்த ஊர் வராது. புதுச்சேரியின் நில ஆவணங்களுக்கு நிலமகள் என்று தனித் தளம் இருக்கிறது. தேடல் முடிவின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதிக் காட்டும் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு அரசுகளின் விதிகளையும் ஒரே பத்தியில் குழைத்துக் கொடுத்துவிடலாம். கீழே உள்ள இணைப்பைத் திறந்து, எந்த அரசின் பக்கம், எந்தத் தேதி என்று பாருங்கள். தேதி ஏன் என்றால், புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இ-க்கு மாறிய பிறகும் பழைய பக்கங்கள் இணையத்தில் அப்படியேதான் கிடக்கின்றன.

கூகுளில் வரவில்லை என்றால் இணையத்திலேயே இல்லை என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். வில்லங்கச் சான்று, பட்டா, நீதிமன்ற வழக்கு நிலவரம் எல்லாம் படிவத்தை நிரப்பினால்தான் திறக்கும் தரவுத்தளங்களில் இருக்கின்றன. கூகுள் அங்கே நுழைவதில்லை. புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஓலைச்சுவடிகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலேயே இடம்பெற்றவை. குறிப்பிட்ட ஒரு சுவடி வேண்டும் என்றால் அந்த நிறுவனத்தின் பட்டியலுக்குள் போய்த்தான் தேட வேண்டும்.

பழைய தமிழ் பிடிஎஃப்கள் தனிக் கதை. யூனிகோடு என்ற பொது எழுத்துக்குறியீடு பரவுவதற்கு முன் அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். நம் கண்ணுக்கு அது தமிழ். கணினிக்குள் இருப்பதோ தொடர்பே இல்லாத ஆங்கில எழுத்துகள். தமிழ்நாடு அரசு 2010-ல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய தமிழ் ஆணையைத் தமிழ்ச் சொல்லால் தேடிச் சலித்துப் போகாதீர்கள். துறையின் ஆங்கிலப் பெயர், ஆணை எண், ஆண்டு மூன்றையும் போட்டுப் பாருங்கள். முன்பு இருந்த பக்கம் இப்போது திறக்கவில்லை என்றால் அதன் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள், பழைய நகல் இருக்கக்கூடும்.

அப்புறம், புயல் நேரத்து வாட்ஸ்அப் படங்கள். மரம் சாய்ந்த ஒரே படம் ஒவ்வொரு புயலுக்கும் புதிதாகச் சுற்றும். கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டு, அது முதலில் எப்போது வந்தது என்று பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பலாம்.

வாடிக்கையாளர் சேவை எண்ணைப் பொதுவாகத் தேடி, முதலில் வந்த எண்ணை அழைப்பது பணத்தையே பறிக்கும் தவறு. மோசடிக்காரர்கள் விளம்பரமாகவும் கூகுள் மேப்பிலும் தங்கள் எண்களை ஏற்றி வைக்கிறார்கள். வங்கி எண்ணை ஏடிஎம் அட்டையின் பின்புறம் பாருங்கள். கடலூரில் மின்சாரம் போனால் தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. புதுச்சேரிக்காரர் அதை அழைத்துப் பயனில்லை, அங்கே மின்துறை தனி. ஏமாந்து பணம் போய்விட்டால் இரண்டு ஊருக்கும் சைபர் மோசடிப் புகார் எண் 1930 தான். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.