ஊட்டி மழையில் ஃப்ரீசியா: தூங்கும் கிழங்கைக் காப்பாற்றுவது எப்படி?

ஃப்ரீசியா, ஸ்பராக்ஸிஸ், இக்ஸியா என்ற மூன்று கிழங்குப் பூச்செடிகளுக்கும் பூர்வீகம் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி. அங்கே குளிர்காலத்தில்தான் மழை. கோடை வறண்டு கிடக்கும். குளிரில் இலைவிட்டுப் பூத்து, கோடையில் கிழங்காகத் தூங்கிவிடும். ஊட்டியில் சிக்கல் இதுதான்: அது தூங்கும் நேரத்தில் இங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும், கிழங்கு அழுகும்.

முதலில் பாத்தி. நல்ல வெயில் விழும் சரிவில் ஓரடி உயரத்துக்குக் கல் அடுக்குங்கள். செம்மண் இரண்டு பங்கு, சிப்ஸ் ஜல்லி இரண்டு, மக்கிய இலையுரம் ஒன்று. நைசான மணல் வேண்டாம், செம்மண்ணோடு சேர்ந்து இறுகிவிடும். பச்சைச் சாணம் கூடவே கூடாது. ஈரக் கலவையைப் பிடித்தால் உருண்டையாக நிற்கிறதா? இன்னும் ஜல்லி போடுங்கள்.

அக்டோபரில், மழை விட்ட நாளாகப் பார்த்து, கூர்முனை மேலே இருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். வடகிழக்குப் பருவமழை தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும். அது ஓய்ந்தபின் மண் காயக் காய ஊற்றினால் போதும். உறைபனி இரவுகளில் சாக்குப் போட்டு மூடுங்கள்.

பூ முடிந்ததும் இலையை நறுக்காதீர்கள். அடுத்த வருடக் கிழங்கைக் கட்டுவதே அந்த இலைதான். அது சருகானபின், மழைக்கு முன் தோண்டிவிடுங்கள். மண்வெட்டி கிழங்கை வெட்டும். எனக்கு மூன்று முள் கைக்கொத்துதான் பிடிக்கும். அடியில் பழைய கிழங்கு வற்றிய தோலாக ஒட்டியிருக்கும், அதன் தலையில் புதுக் கிழங்கு, ஓரத்தில் பட்டாணி அளவில் குட்டிகள். பழசைத் திருகினால் கழன்றுவிடும்.

அப்புறம்தான் பலரும் சறுக்கும் இடம். துலிப் கிழங்கைக் குளிரில் வைப்பார்களே, அந்த ஞாபகத்தில் ஃப்ரீசியாவை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அது தூக்கம் கலைய 25–30 டிகிரி சூடு ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். குளிர்ச்சியில் வைத்தால் முளைக்காமல், கிழங்கின் மேலேயே இன்னொரு கிழங்கு கட்டுவதும் உண்டு. ஜூலையில் நம் வீடுகளில் அந்தச் சூடு ஏது? வெங்காய வலைப்பையில் கட்டி, சமையலறையில் அடுப்புக்கு மேலே, ஆவி படாமல் சற்றுத் தள்ளித் தொங்கவிடுங்கள்.

பின்சேர்க்கை: தோண்டாமல் பாத்திக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மேல் சரிவிலிருந்து தண்ணீர் மண்ணுக்குள்ளேயே ஊறி வரும், அதனால் நான் சொல்ல மாட்டேன். கொடைக்கானல்காரர்களுக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. கல்லை இன்னும் அரையடி உயர்த்துங்கள். முள்ளம்பன்றி வரும் இடமென்றால் நட்டவுடன் கோழிவலையை விரித்துக் கல்லை வைத்துவிடுங்கள், முளை ஓட்டை வழியாக வந்துவிடும்.