பார்க்கின்சன் வலியா? முதலில் மணியைக் குறித்து வையுங்கள்
பார்க்கின்சன் என்றாலே கை நடுக்கம்தான் ஞாபகம் வருகிறது. அப்பாவுக்கு நடுக்கத்துக்கு முன்னாடியே வலது தோள்பட்டை இறுகிப்போனது. சேலம் அம்மாபேட்டையில் காலமெல்லாம் தறியில் உட்கார்ந்தவர், அதனால் தறி வலிதான் என்று தைலம் தேய்த்தே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டோம். ஒரு பக்கத் தோள் இப்படி இறுகுவது இந்த நோயின் ஆரம்ப அடையாளமாகவும் இருக்கலாமாம்.

சரி, இப்போது வலிக்கிறது, என்ன செய்வது? ஒரு சின்ன நோட்டு வாங்கி நாலைந்து நாளைக்கு மாத்திரை போட்ட மணி, சாப்பிட்ட மணி, வலி வந்த மணி, எந்த இடம், இழுக்கிறதா எரிகிறதா குத்துகிறதா, எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்பா நோட்டில் தினமும் ஒரே கதை: ராத்திரி 9 மணிக்குக் கடைசி மாத்திரை, விடிகாலை 5 மணிக்கு வலது கால் விரல்கள் கீழே மடங்கிக் கெண்டைச்சதை கல்லாகிவிடும், 6 மணி மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் விரல் தானாக விரியும். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா உடம்பில் தீர்ந்துபோகும் நேரத்து வலி அது. டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு வலி மாத்திரை எழுதவில்லை, ராத்திரி மருந்தைத்தான் மாற்றினார். நீங்களாக அளவைக் கூட்டவோ சட்டென்று நிறுத்தவோ வேண்டாம், நிறுத்துவது ஆபத்து.

லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் நல்லது. பருப்பு, முட்டை, கறியில் இருக்கும் புரதம் அது உடம்பில் ஏறுவதற்குப் போட்டியாக வரும். அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், இளைத்துவிடுவார்கள்.

மாத்திரை நேரத்தோடு சேராமல் நாள் முழுக்க இருக்கும் தோள், இடுப்பு வலிக்கு பிசியோதெரபி, வெந்நீர் ஒத்தடம், சேலம் வெயில் ஏறுவதற்குள் ஒரு நடை. இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் மாதிரி இறங்கினால் தண்டுவடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு வலித்தால் நோட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

அப்புறம், ஏற்காடு கூட்டிப்போனால் மாத்திரை சட்டைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருமே என்று மெடிக்கலில் கேட்கும்போது பார்க்கின்சன் இருப்பதைச் சொல்லியே கேளுங்கள். மெட்டோகுளோபிரமைடு கொடுத்தால் வாங்காதீர்கள், அது இந்த நோயில் ஏற்கெனவே குறைந்திருக்கும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைத் தடுத்து இறுக்கத்தையும் நடுக்கத்தையும் கூட்டிவிடும்.