இன்போகிராபிக் செய்ய எந்தக் கருவி? முதலில் 'கொடிவேரி' என்று தட்டிப் பாருங்கள்

கோபிசெட்டிபாளையத்தில் டிடிபி, பிளக்ஸ் வேலை செய்கிறேன். கல்யாண பேனர்களுக்கு நடுவே பாசன சங்கத்துக்காரர்கள் வந்து, "அணைத் தண்ணிக் கணக்கை ஒரே படத்துல போட்டுக் குடுங்க" என்பார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: டெம்ப்ளேட் அழகில் மயங்கி எந்தத் தளத்திலும் கணக்குத் தொடங்காதீர்கள். படம் போகப்போவது சங்கத்துச் சுவருக்கா, வாட்ஸ்அப்புக்கா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் தமிழ். காலிப் பக்கத்தில் 'கொடிவேரி, பௌர்ணமி, ஸ்ரீ' என்று தட்டி, எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால் அந்தக் கருவியை அப்போதே மூடிவிடலாம். திரையில் சரியாக இருந்தாலும் பிடிஎஃப் இறக்கி இன்னொரு முறை பாருங்கள். அங்கேதான் பல கருவிகள் சறுக்கும். ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரன் போன்ற இலவச எழுத்துருக்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பாமினி என்ற பழைய முறை எழுத்துருவில் அடித்த மேட்டரை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் குப்பைதான் வரும்.

எண்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கீழ்பவானிப் பாசனம் 2,07,000 ஏக்கர். ஒரு போகத்துக்குப் பாதி, அதாவது 1,03,500 ஏக்கருக்குத் தண்ணீர். இதைக் கேன்வா என்ற டிசைன் தளத்தில் இரண்டு வட்டமாகப் போட்டுக் கையால் இழுத்தால், விட்டம் இரண்டு மடங்காகும்போது பரப்பு நான்கு மடங்காகிவிடும். பார்க்கிறவர் பாதியைக் கால் என்று நினைப்பார். அதனால் எண்ணைக் கொடுத்தால் தானே வரையும் டேட்டாராப்பர், ஃப்ளரிஷ் மாதிரியானவற்றில் சார்ட் போட்டு, படமாக எடுத்துக் கேன்வாவில் வைத்து அலங்கரிப்பேன். அட்டவணையில் காற்புள்ளி இல்லாமல் 207000 என்றே தட்டுங்கள். சில கருவிகள் நம் லட்சக் கணக்குக் காற்புள்ளியைப் பார்த்து எண்ணை எழுத்து என்று நினைத்துக்கொள்ளும்.

கருவி எவ்வளவு நல்லதானாலும் சில விஷயம் நம் தலையில்தான். பவானிசாகர் அணையின் முழு உயரம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. ஐம்பத்திரண்டு அடி இருக்கிறதென்று பாதி நிறைந்த அணைப் படம் போட்டால் ஊரையே ஏமாற்றியதாகும். மேலே போகப்போக அணை அகலும். பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது. டிஎம்சியில் சார்ட் போடுங்கள்.

இலவசம் என்றால் எது வரை இலவசம் என்று பாருங்கள். டேட்டாராப்பரில் சாதாரணப் படமான பிஎன்ஜி சும்மா கிடைக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காமல் அச்சிட உதவும் எஸ்விஜி கோப்புக்குக் காசு. ஃப்ளரிஷின் இலவசக் கணக்கில் வெளியிட்டால் தரவும் எல்லோருக்கும் தெரியும். சங்கத்தில் யார் யார் சந்தா பாக்கி என்ற பட்டியலை அங்கே ஏற்றிவிட்டு ஊரில் நடமாட முடியாதுங்க. திட்டங்களும் விலையும் மாறிக்கொண்டே இருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு வெற்றுப் பக்கத்தை டவுன்லோடு செய்து பார்த்துவிடுங்கள்.

சுவருக்கு ஏ3 பிடிஎஃப். போனுக்கு நெட்டுவாக்கில், பெரிய எழுத்தில். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கி எழுத்து மங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.