இறந்தவர் பெயரில் ஏலம்: வாரிசுகளும் ஏலம் எடுப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து நில வழக்குகளில் ஒரே மாதிரியான சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. புரோ நோட்டுக் கடனுக்காக ஒரு பெரியவர் மீது டிக்ரி, அதாவது கோர்ட் தீர்ப்பாணை, வாங்கியிருப்பார்கள். அவர் காலமான பிறகு அதே டிக்ரியை வைத்து அவருடைய நிலம் நீதிமன்ற ஏலத்துக்கு வரும். "ஆளே போன பிறகு கேஸ் எப்படி நிற்கும்?" என்று வாரிசுகள் சும்மா இருந்துவிடுகிறார்கள். கோர்ட் ஏலம் என்றால் வில்லங்கமே இருக்காது என்று நம்பி ஏலம் எடுப்பவர் பணத்தைக் கட்டிவிடுகிறார். இரண்டு நம்பிக்கைகளுக்கும் சட்டத்தில் இடமில்லை.

வாரிசுகள் முதலில் செய்ய வேண்டியது இறப்புச் சான்றிதழையும் வழக்கின் தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. இதைச் செய்யாமல் வக்கீலிடம் ஓடுவதே பெரும்பாலானோர் செய்யும் தவறு. வழக்கு தாக்கலான அன்றே அவர் உயிருடன் இல்லை என்றால் அந்தத் தீர்ப்பு செல்லாது. அதை வைத்து நடந்த ஏலமும் நிற்காது. வழக்கு நடக்கும்போது இறந்திருந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட்டிருக்க வேண்டும். இல்லையேல் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். ஆனால் விசாரணை முடிந்து, தீர்ப்புக்காக ஒத்திவைக்கப்பட்டிருந்த இடைவெளியில் இறந்திருந்தால் தீர்ப்பு செல்லும். தீர்ப்புக்குப் பிறகு இறந்திருந்தாலும் டிக்ரி உயிரோடுதான் இருக்கிறது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி அதை வாரிசுகள் மீது நிறைவேற்றலாம். இறந்தவரிடமிருந்து அவர்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டும். மகன் தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை இதற்காக ஜப்தி செய்ய முடியாது.

ஏலங்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி நிலையில்தான் பழுதாகின்றன. வாரிசுகள் மீது நிறைவேற்று மனு (டிக்ரியை நிறைவேற்றக் கோரும் மனு) போடும்போது, அதே சட்டத்தின் கட்டளை 21 விதி 22-இன்படி, ஏன் நிறைவேற்றக் கூடாது என்று கேட்டு அவர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும். நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து தவிர்த்தாலன்றி இது விட்டுவிடக்கூடிய சடங்கல்ல. நடைமுறையில் நடப்பதோ வேறு: மனுவின் முதல் பக்கத்தில் இறந்தவர் பெயரே எதிர்மனுதாரராக அப்படியே இருக்கும்; பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கதவில் கோர்ட் ஊழியரான அமீனா ஒரு தாளை ஒட்டிவிட்டு, 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போவார்; திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு ஏலம் முடிந்து ஆறு மாதம் கழித்துச் சேதி தெரியும். எனவே மனு, நோட்டீஸ் சார்பு அறிக்கை (நோட்டீஸ் உரியவரிடம் சேர்ந்ததா என்று சொல்லும் அறிக்கை), ஏல அறிவிப்பு மூன்றுக்கும் நகல் மனு போட்டு வாங்கிப் படிக்காமல், கேள்விப்பட்டதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

மகள்களை விட்டுவிட்டு மகனை மட்டும் சேர்த்தால் ஏலம் தானாகச் செல்லாமல் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கடன் கொடுத்தவர் நல்லெண்ணத்துடன் விசாரித்து, தெரிந்த வாரிசுகளைச் சேர்த்திருந்தால் அது மற்றவர்களையும் கட்டுப்படுத்தும். தெரிந்தே மறைத்தார், அல்லது மகனோடு கூடிப் பேசிக்கொண்டார் என்று காட்ட முடிந்தால்தான் நிலைமை மாறும். அதற்கு ஆதாரம் தேவை. ஒரே தெருவில் வசித்ததும், கல்யாணப் பத்திரிகை வாங்கியதும்கூட உதவும்.

எல்லாவற்றையும் விடக் கனமான தவறு காலத்தைத் தவறவிடுவது. நோட்டீஸ் குறைபாடு, மோசடி போன்ற காரணங்களைக் காட்டி கட்டளை 21-இன் விதி 90-இன் கீழ் ஏலத்தை ரத்து செய்யக் கோரும் மனுவை, ஏலம் நடந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும். கட்டளை 21 மனுக்களுக்குக் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு பொருந்தாது. அதாவது, தாமதத்தை மன்னிக்கும்படி கேட்க வழியில்லை. மோசடியால் விஷயம் மறைக்கப்பட்டது என்று நிரூபித்தால் மட்டும், தெரிந்த நாளிலிருந்து கணக்கு ஓடும். முறைகேட்டைச் சொன்னால் போதாது, அதனால் கணிசமான நஷ்டம் ஏற்பட்டதையும் காட்ட வேண்டும். டிக்ரியே செல்லாது என்பவர்களின் வழி வேறு. அவர்கள் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின் கீழ் நிறைவேற்று நீதிமன்றத்திலேயே அதை எழுப்பலாம்.

கடன் உண்மை, நிலத்தைக் காப்பாற்றினால் போதும் என்பவர்களுக்கு விதி 89 இருக்கிறது. ஏல அறிவிப்பில் கண்ட தொகையுடன், ஏலத்தொகையில் 5 சதவீதத்தையும் ஏலம் எடுத்தவருக்காகக் கட்டினால் ஏலம் ரத்தாகும். விதி 90 மனுவைக் கையில் வைத்துக்கொண்டே இதையும் கேட்க முடியாது. அதை வாபஸ் வாங்க வேண்டும். மேலும், இரண்டு லட்சம் கடனுக்கு மூன்று ஏக்கரையும் விற்றிருந்தால் அதைக் கட்டாயம் எழுப்ப வேண்டும். கடனைத் தீர்க்கத் தேவையான பகுதியை மட்டுமே விற்கலாம் என்பது விதி 64. இது வக்கீல்களே சில நேரம் மறந்துவிடும் வாதம்.

'அப்பன் கடன் பிள்ளை தலையில்' என்ற ஊர்ப் பேச்சையும் அப்படியே ஏற்கக் கூடாது. 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மக் கடமை என்பதை மட்டும் காட்டி, பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பால் உள்ள பங்கைத் தொட முடியாது.

வங்கி ஏலம் தனி வழி. வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்க வழி செய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 60 நாள் நோட்டீஸ் இறந்தவர் பெயருக்கே போயிருந்தால், வாரிசுகள் முன்சீப் கோர்ட்டுக்குப் போய்க் காலத்தை வீணாக்காமல், வங்கி சொத்தின் மீது நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது; ஆனால் பட்டாவில் புஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது, உண்மையில் பயிர் செய்யும் நிலமா என்றும் பார்ப்பார்கள்.

ஏலம் எடுப்பவர் அன்றே 25 சதவீதமும், 15 நாளுக்குள் மீதியும் கட்ட வேண்டும். ஆனால் உரிமைக்கு நீதிமன்றம் உத்தரவாதம் தருவதில்லை. வில்லங்கச் சான்றிதழில் சாவு பதிவாகாது. ஆகவே கேட்புத் தொகை சொல்வதற்கு முன், நிறைவேற்று மனுவில் எதிர்மனுதாரர் யார் என்று பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் அந்த ஆள் இருக்கிறாரா என்று நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். இல்லை என்றால், வாரிசுகளுக்கு நோட்டீஸ் சார்பானதற்கான ஆவணத்தைக் கண்ணால் பார்க்கும்வரை பணம் கட்டக்கூடாது.