என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், ஆனால் தொடங்க முடியவில்லை: ஏடிஹெச்டி உள்ள பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டும். ஐந்து நிமிட வேலை. என்ன எழுதுவது என்றுகூட மனதில் தயாராக இருக்கிறது. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை போய் மதியம் வந்துவிடுகிறது. இடையில் ஓய்வாவது எடுத்தோமா என்றால் அதுவும் இல்லை. அந்த மின்னஞ்சலை நினைத்துத் தவித்ததிலேயே பொழுது போயிருக்கிறது.

எனக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனத்தையும் செயலையும் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும் கவனக்குறைவு-மிகைச்செயல்பாட்டுக் கோளாறு, இருப்பது முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. அதுவரை இப்படி உறைந்து நிற்கும்போதெல்லாம் வெளியே வர நான் செய்த பல முயற்சிகள் என்னை இன்னும் உள்ளேதான் தள்ளின. அவற்றில் முதலாவது, என்னை நானே திட்டிக்கொண்டது.

"இதைக்கூடச் செய்ய முடியாதா?" என்று கேட்டுக்கொண்டால் ரோஷம் வந்து எழுந்துவிடுவோம் என்று தோன்றும். வராது. ஏடிஹெச்டியைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: இங்கே சிக்கல் என்ன செய்வது என்று தெரியாததில் இல்லை, தெரிந்ததைச் செய்ய முடியாததில் இருக்கிறது. வேலையைத் தொடங்குவது, வரிசைப்படுத்துவது, தொடர்ந்து பிடித்துக்கொண்டிருப்பது எல்லாவற்றிலும் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பகுதி சரியாக வேலை செய்ய டோபமைன், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்கள் வேண்டும். ஏடிஹெச்டியில் இந்த ஏற்பாடு வேறு விதமாக இயங்குகிறது. அதனால்தான் 'இது முக்கியம்' என்ற எண்ணம் மட்டும் நம்மை எழுப்பிவிடுவதில்லை. திட்டினால் அந்த வேலையோடு அவமானமும் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அதே மின்னஞ்சலைத் திறக்கும்போது நேற்றைய திட்டையும் சேர்த்தே திறக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்ப்பது. செயல்நினைவு, அதாவது இந்த நொடிக்குத் தேவையானதைத் தாங்கி வைத்திருக்கும் நினைவு, நம்மில் பலருக்குச் சீக்கிரம் நிரம்பிவிடும். கட்ட வேண்டிய பில், கேட்க வேண்டிய மன்னிப்பு, துவைக்காத துணி எல்லாம் ஒரே எடையில் ஒரே நேரத்தில் கத்தும். எனவே அவற்றைத் தாளில் கொட்டிவிடுங்கள். அப்புறம் உடனே அதை அழகாக வகைப்படுத்தவோ, புது செயலி தேடவோ, வண்ணம் பூசவோ போகாதீர்கள். நான் பல நாட்களை இப்படி இழந்திருக்கிறேன். திட்டமிடுவது வேலை செய்வதைப் போலவே இன்பம் தரும், வேலை மட்டும் அங்கேயே கிடக்கும். ஒன்றே ஒன்றை வேறு சிறு தாளில் எழுதிக்கொண்டு பட்டியலைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

எழுதும் விதத்திலும் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. 'வரிக் கணக்கு' என்று எழுதினால் அது வேலையின் பெயர் இல்லை, ஒரு மலையின் பெயர். கை எங்கே போக வேண்டும் என்று அது சொல்வதில்லை. 'அலமாரியிலிருந்து அந்த ஃபைலை எடுத்து மேசைமேல் வை' என்பதைக் கையால் செய்ய முடியும். அந்த முதல் அசைவு அபத்தமாகத் தோன்றும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். 25 நிமிடம் வேலை, பிறகு சிறு இடைவேளை என்ற பொமடோரோ முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். உறைந்திருப்பவருக்கு 25 நிமிடமே அதிகம், ஐந்து போதும். வேலை ஓட ஆரம்பித்த பிறகு மணி அடித்ததென்பதற்காக நிறுத்தவும் வேண்டாம்.

கடைசி நேர நெருக்கடிக்காகக் காத்திருப்பதும் தவறுதான். அது பலிக்கிறது என்பதால் விடுவது கடினம். ஆனால் உடலும் தூக்கமும் அதற்கு விலை கொடுக்கின்றன. தவிர, கெடு இல்லாத காரியங்கள், உதாரணமாகப் பல் பரிசோதனையும் பழைய நண்பருக்கான ஒரு அழைப்பும், என்றைக்குமே நடக்காது. நெருக்கடிக்குப் பதிலாக ஒரு மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அவர் உதவ வேண்டியதில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அங்கே இருந்தால் போதும். வீடியோ அழைப்பில் இருந்தாலும் சரி. எனக்கு இவ்வளவு உதவிய வேறொன்று இல்லை.

பதில் தாமதமானதும் வெட்கப்பட்டு மறைந்துகொள்ளாதீர்கள். "தாமதமாகிவிட்டது, வியாழக்கிழமை அனுப்புகிறேன்" என்ற ஒரே வரி போதும், விளக்கம் வேண்டாம். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.

குறுங்காணொளிகளைப் பார்த்து நமக்கு ஏடிஹெச்டி இருக்கிறது என்று நாமே முடிவு செய்வதில்தான் எனக்கு அதிகக் கவலை. மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, அறிகுறிகள் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். நாற்பதில் திடீரெனத் தொடங்கியிருந்தால் மனச்சோர்வு, பதற்றம், தைராய்டு, தூக்கக் கோளாறு போன்ற காரணங்களையும் மருத்துவர் பார்க்க வேண்டும். ஏடிஹெச்டியுடன் மனச்சோர்வு சேர்ந்தே இருப்பதும் சாதாரணம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மருந்து விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஏடிஹெச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தின் பலன் எடுத்த அன்றே தெரியலாம், ஆனால் சரியான அளவைக் கண்டுபிடிக்க வாரங்கள் ஆகும். அட்டமாக்சிட்டின் என்ற இன்னொரு மருந்தின் பலன் தெரியவே சில வாரங்கள் பிடிக்கும். ஒரு வாரத்தில் 'வேலை செய்யவில்லை' என்று நீங்களாக நிறுத்துவதும், இன்னொருவரின் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்ப்பதும் கூடாது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மாறக்கூடும்.

கடைசியாக, மூன்று வாரம் நன்றாகப் பயன்பட்ட முறை திடீரென்று செத்துவிடும். அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுமை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சிறு தாளுக்குப் பதில் வெள்ளைப் பலகை, மேசைக்குப் பதில் தரை என்று எதையாவது மாற்றிப் பாருங்கள். பழையதை எங்காவது குறித்து வையுங்கள். சில மாதம் கழித்து அதுவே மறுபடி புதிதாக இருக்கும்.