வெற்று மதிப்புக்கும் வகை சொல்லுங்கள்

தரவுத்தளத்துக்கு வெற்று மதிப்பை அனுப்பும்போது அதன் வகையைச் சொல்லாவிட்டால் நிரல் மிக மெதுவாகிவிடலாம். மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதியபோதுதான் இந்தச் சிக்கல் எனக்கு முழுமையாக விளங்கியது. விடியற்காலையில் மல்லிகை வந்து எடை போடப்படும்போது அதன் விலை முடிவாகியிருக்காது. ஆகவே எடை மட்டும் பதிவாகி, விலை, வாங்குபவர் எண், பட்டுவாடாத் தேதி ஆகிய மூன்றும் நல் (NULL) எனப்படும் வெற்று மதிப்பாகவே, அதாவது இன்னும் தெரியாது என்ற குறியாகவே, தரவுத்தளத்துக்குப் போகும். அங்கே சுழியம் போடுவது பெரும் தவறு, ஏனெனில் சராசரி காணும்போது தரவுத்தளம் வெற்று மதிப்பை ஒதுக்கிவிடும், சுழியத்தையோ கணக்கில் சேர்த்து விலையைக் குறைத்துக் காட்டும்.

ஜாவாவில் தரவுத்தளத்தோடு பேசும் வழிமுறை ஜேடிபிசி; அதை எளிதாக்குவது ஸ்பிரிங் நூலகத்தின் ஜேடிபிசி டெம்ப்ளேட். அதைக் கொண்டு இத்தகைய வரிசையைச் செருகும்போது, வகை எதுவும் சொல்லாமல் வெற்று மதிப்பை அளவுருவாக (கட்டளையில் விட்ட இடத்தை நிரப்பும் மதிப்பாக) கொடுத்தால், அது எண்ணா, தேதியா, எழுத்தா என்று ஸ்பிரிங்குக்குத் தெரியாது. அதனால் அது, ஜாவாவையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் மென்பொருளான டிரைவரிடம் அளவுருவின் வகையைக் கேட்கிறது. டிரைவர்கள் பலவும் அதற்காகத் தரவுத்தளச் சர்வர் வரை போய்த் திரும்புகின்றன. இது ஒவ்வொரு வெற்று அளவுருவுக்கும் நடக்கலாம். ஒரு பயணத்துக்கு 1 மில்லிவினாடி என்று கொண்டாலும், வரிசைக்கு 3 வெற்று மதிப்புகள் உள்ள 10,000 வரிசைகளுக்கு 30 வினாடி வீணாகும். சர்வர் மும்பைக் கிளவுடில் இருந்து பயணத்துக்கு 20 மில்லிவினாடி ஆனால் அதுவே 10 நிமிடம். செருகும் வேலைக்கு ஆகும் நேரம் இதில் சேரவில்லை.

இதுதான் காரணமா என்பதை உறுதி செய்ய, நிரல் மெதுவாக ஓடும்போது ஜாவாவோடு வரும் ஜேஸ்டாக் கருவியால் நான்கைந்து முறை த்ரெட் நிலையை, அதாவது நிரல் அந்தக் கணத்தில் எந்த அழைப்பில் நிற்கிறது என்பதை, பதிவெடுங்கள். டிரைவரிடம் அளவுரு விவரம் கேட்கும் கெட்பாராமீட்டர்மெட்டாடேட்டா என்ற அழைப்பு திரும்பத் திரும்பத் தென்பட்டால் ஐயமே வேண்டாம்.

தீர்வு எளிது. பெயரிட்ட அளவுருக்களை ஸ்பிரிங்கின் மேப்எஸ்க்யூஎல்பாராமீட்டர்சோர்ஸ் வழியாகக் கொடுப்பவர்கள் பெயர், மதிப்பு ஆகியவற்றோடு மூன்றாவதாக வகையையும் தர வேண்டும்: விலைக்கு நியூமரிக் (தசம எண்), வாங்குபவர் எண்ணுக்கு இன்டிஜர் (முழு எண்), தேதிக்கு டேட். நேரடி ஜேடிபிசியில் செட்நல் அழைப்பின் இரண்டாம் இடத்தில் அதே வகை வர வேண்டும்.

எந்த வகை என்பதில் அலட்சியம் கூடாது. என் பார்வையில் இதுவே மிகுந்த கவனம் வேண்டும் இடம். எல்லா வெற்று மதிப்புக்கும் வார்ச்சார் (எழுத்து வகை) என்று எழுதினால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், நியூமரிக் பத்தியில் அதை ஏற்காமல் பிழை சொல்லி நிறுத்திவிடும். பிழை சொல்வதால் அதை உடனே கண்டுபிடித்துவிடலாம். விலை உள்ள வரிசையில் நியூமரிக் என்றும் வெற்று வரிசையில் இன்டிஜர் என்றும் மாறி மாறிக் கொடுப்பதுதான் கண்ணுக்குத் தெரியாத கேடு, ஏனெனில் பிழை எதுவும் வராது. ஆனால் ஒருமுறை தயாரித்த கூற்றை (தரவுத்தளக் கட்டளையை) பலமுறை பயன்படுத்த வேண்டிய டிரைவர், அளவுரு வகை மாறியதைக் கண்டு அதை மீண்டும் தயாரிக்கச் சொல்லும். மல்லிகைக்கு விலை முடிவாகி, பிச்சிக்கு முடிவாகாத காலைப் பொழுதில் அடுத்தடுத்த வரிசைகள் இப்படித்தான் கலந்து வரும்.

பழைய நிரலில் நூற்றுக்கணக்கான இடங்களைத் திருத்த உடனே நேரமில்லை என்றால், ஸ்பிரிங்.ஜேடிபிசி.கெட்பாராமீட்டர்டைப்.இக்னோர் என்ற அமைப்பை ட்ரூ என வைக்கலாம். ஸ்பிரிங் வகையைக் கேட்பதை நிறுத்திவிடும். ஸ்பிரிங் 6.1.2 முதல் போஸ்ட்கிரெஸுக்கும் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வருக்கும் இது இயல்பாகவே அவ்வாறு அமைந்துள்ளது. ஆயினும் இதை இடைக்கால ஏற்பாடாகவே கருதுகிறேன்.

வகை தெரியாத சிக்கல் தேடலிலும் வரும். அங்கே, தேதி கொடுக்கப்படாவிட்டால் எல்லாவற்றையும் காட்டு என்பதற்காக அளவுரு வெற்றா என்று க்வெரிக்குள்ளேயே (தேடல் கட்டளைக்குள்ளேயே) கேட்பவர்கள் உண்டு. போஸ்ட்கிரெஸ் அங்கே அளவுருவின் வகையை நிர்ணயிக்க முடியவில்லை என்று மறுக்கக்கூடும். வகையைக் குறிக்கும் காஸ்ட் கொண்டு தேதி என்று குறிப்பிட்டால் அது தீரும். கொடுக்கப்பட்ட நிபந்தனைகளை மட்டும் வைத்து க்வெரியைக் கட்டுவது அதைவிட மேல், ஏனெனில் தேடலை விரைவாக்கும் அட்டவணையான இன்டெக்ஸ் பயன்படும் வாய்ப்பு அப்போது கூடும்.

திருத்தியபின் சோதிக்கும்போது எல்லாப் பத்திகளும் நிரம்பிய மாதிரித் தரவை வைத்துச் சோதிக்காதீர்கள், அதில் இந்தச் சிக்கல் தலைகாட்டவே காட்டாது. விலை உள்ள வரிசையும் விலை இல்லாத வரிசையும் மாறி மாறி வரும்படி சில ஆயிரம் வரிசைகளை உருவாக்கி, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஆகும் நேரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.