சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து எழுதுவது எப்படி?

கோப்புகளைக் கேட்பதற்கு முன் சட்டங்களைப் படித்துவிட வேண்டும். 1857ஆம் ஆண்டுச் சட்டம் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே சென்னைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. பாடம் கற்பித்தவை அதனுடன் இணைந்திருந்த கல்லூரிகள். பல்கலைக்கழகமே பேராசிரியர்களை நியமிக்க 1904ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. 1914இல் எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் இந்திய வரலாற்றுப் பேராசிரியரானது அதன் பின்விளைவு. 1923ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாக அமைப்பையே மாற்றியது. ஆகவே 1880களின் வகுப்பறையைப் பல்கலைக்கழகப் பதிவுகளில் தேடுபவருக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படாது. அவர் மாநிலக் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றின் ஆண்டறிக்கைகளையும் அரசின் பொதுக் கல்வித் துறை அறிக்கைகளையும் நாட வேண்டும்.

அடுத்து, ஆண்டுதோறும் அச்சான பல்கலைக்கழகக் காலண்டர்களை வரிசையாகப் புரட்டுங்கள். விதிமுறைகள், பாடத்திட்டம், செனட் எனும் பேரவையின் உறுப்பினர்கள், பட்டதாரிகளின் பெயர்ப்பட்டியல் என அலுப்பூட்டும் பக்கங்கள்தாம். ஆனால் எந்த ஆண்டில் எந்த விதி புகுந்தது என்பதை இவற்றை அடுத்தடுத்து ஒப்பிட்டே கண்டறிய முடியும். பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள் என்பதை நினைவிற்கொண்டு அந்தப் பட்டியல்களைப் படித்தால், இந்நிறுவனத்தின் எல்லையைச் சென்னை மாகாணத்தோடு நிறுத்திவிடத் தோன்றாது.

செனட், சிண்டிகேட் எனும் ஆட்சிக்குழு ஆகியவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளைக் கையாளும்போது கூடுதல் கவனம் வேண்டும். தீர்மானத்தின் வாசகம் அவற்றில் நிற்கும்; அதற்கு முன் நடந்த வாக்குவாதமும் மனக்கசப்பும் பெரும்பாலும் நிற்பதில்லை. விடுபட்டதை மீட்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கல்வித் துறையின் அரசாணைகளையும் அவற்றோடு இணைந்த கடிதங்களையும் பார்ப்பது. மற்றது, 1878இல் தொடங்கிய ‘தி இந்து’வும் 1882இல் தொடங்கிய ‘சுதேசமித்திர’னும் அதே வாரங்களில் என்ன எழுதின என்று பார்ப்பது. என் அனுபவத்தில் இரண்டாவதே சுவையானது, முதலாவதே நம்பகமானது.

காப்பகத்தில் பொருளைச் சொல்லிக் கேட்பதைவிட, அரசாணைகளை அகரவரிசையில் பட்டியலிடும் தொகுதியில் ஆண்டையும் துறையையும் பார்த்து, அரசாணை எண்ணைக் குறித்துக்கொண்டு கேட்பதே விரைவில் பயன்தரும். துறை, எண், நாள் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் உடனுக்குடன் எழுதிவிடுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அதே தாளை மறுபடி எடுப்பது கடினம்.